தரவையில் கிடக்கும் இரண்டு கறுத்த மண்

மன்னார் மாவட்டத்தில் முருங்கன் பக்கம் மாட்டுப்பட்டி வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கட மேய்ச்சல் தரவையில் ஒரு பக்கம் ஆடி, ஆவணியில் பாளம் பாளமாக வெடிக்கிறது. கன்றின் கால் இறங்குகிற அளவு வெடிப்பு. மற்றப் பக்கம் அப்படி வெடிப்பதில்லை. சீமெந்துத் தரைபோலக் கிடக்கிறது, புல்லும் திட்டுத் திட்டாகத்தான் வருகிறது. ஈரத்தில் பார்த்தால் இரண்டும் கறுத்த மண். கரிசல் என்கிறார் ஒருவர், சவர் என்கிறார் இன்னொருவர். இரண்டுக்கும் ஜிப்சம் போடு என்றும் சொல்கிறார்கள். இது என்ன மண், எந்த வகுப்பில் சேரும்?"

தம்பி, உங்கள் தரவையில் இருப்பது ஒரு மண் அல்ல, இரண்டு. நிறம் ஒன்றாக இருப்பதால் ஒன்றென்று நினைத்துவிட்டீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் ஏமாந்தவன்தான். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். ஜிப்சத்துக்குக் காசு கொடுக்க முன்னர் ஒரு மண்வெட்டியும் ஒரு கண்ணாடிக் குவளையும் எடுத்துக்கொண்டு தரவைக்குப் போங்கள்.

முதலில் வெடிக்கிற மண். இலங்கையின் மண் வகைப்பாட்டில் இதற்குக் குருமுசோல் என்று பெயர். மூர்மன், பானபொக்கே என்ற இருவர் 1961-இல் இலங்கை மண்களைப் பெருந்தொகுதிகளாகப் பிரித்தபோது இதையும் தனியாக எடுத்து வைத்தார்கள். முருங்கனும் துணுக்காயும் இந்த மண்ணுக்குப் பேர்போன இடங்கள். முருங்கன் என்ற பெயரிலேயே ஒரு மண் தொடரும் உண்டு. லத்தீனில் 'குரூமஸ்' என்றால் சிறு குவியல். காய்ந்த காலத்தில் இதன் மேற்பரப்பு கடலைப்பருப்பு அளவில் பொலபொலவென்று உதிர்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குறுணல்களுக்காகத்தான் அந்தப் பெயர்.

உலக அளவில் இன்று வழங்கும் பெயர் வெர்ட்டிசோல். 'வெர்ட்டெரே' என்றால் திருப்புவது, புரட்டுவது. வெடிப்பு விழுந்ததும் மேலே கிடக்கும் குறுணல் காற்றிலும் மாட்டின் குளம்பிலும் பட்டு உள்ளே விழுகிறது. மழை வந்ததும் அடிமண் உப்புகிறது. ஆனால் வெடிப்புக்குள் ஏற்கெனவே மண் விழுந்து இடத்தைப் பிடித்துவிட்டதால் உப்புவதற்கு இடம் போதாது. பக்கவாட்டில் நெருக்கி, சாய்வாக ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, மண் மெல்ல மேலே தள்ளப்படுகிறது. உழவு இயந்திரம் இல்லாமலே மண் தன்னைத் தானே புரட்டிக்கொள்கிறது என்பார்கள். கொஞ்சம் மிகைதான், ஆனாலும் பிழையில்லை.

இந்த வழுக்கலைக் கண்ணால் காணலாம். ஒன்றரை முழம், இரண்டு முழம் ஆழத்துக்குக் குழி வெட்டி, குழிச் சுவரிலிருந்து ஒரு கட்டியைக் கையால் பெயர்த்து எடுங்கள். மண்வெட்டியால் வெட்டினால் அடையாளம் அழிந்துபோகும். கட்டி பெட்டிபோல் சதுரமாக வராது. ஆப்புப்போல ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து வரும். அதன் முகத்தை வெயிலில் சாய்த்துப் பிடித்தால் மெழுகு பூசியதுபோல் பளபளக்கும், ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் ஓடும். ஒரு மண் இன்னொரு மண்ணோடு உரசி நகர்ந்ததற்கான தடயம் அது. இதைக் கண்டுவிட்டால் வெர்ட்டிசோல் என்று முக்கால்வாசி முடிவுக்கு வந்துவிடலாம்.

மீதிக் கால்வாசி களியின் அளவு. அமெரிக்க மண் வகைப்பாட்டின்படி மூன்று நிபந்தனை. மேலிருந்து 50 செ.மீ. வரை எல்லா அடுக்கிலும் குறைந்தது 30 வீதம் களி இருக்க வேண்டும். முதல் ஒரு மீற்றருக்குள் தொடங்கி, குறைந்தது 25 செ.மீ. தடிப்பில், நான் சொன்ன வழுக்கு முகமோ ஆப்புக் கட்டியோ இருக்க வேண்டும். வெடிப்பு காலத்துக்குக் காலம் திறந்து மூட வேண்டும். வெடித்தால் மட்டும் போதாது என்பதைக் கவனியுங்கள். குளத்து அடியில் காய்ந்த சேறும்தான் வெடிக்கிறது, அதை யாரும் வெர்ட்டிசோல் என்று சொல்வதில்லை.

களியின் அளவைப் பார்க்க வீட்டிலேயே வழியுண்டு. ஒரு பிடி மண்ணை றொட்டி மாப் பதத்துக்குக் குழைத்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து நாடாபோலத் தள்ளுங்கள். அறாமல் ஏழெட்டு செ.மீ. நீளத்துக்கு வந்தால் அது கடுங்களி. அதே குழைத்த மண்ணில் விரல் தடிப்பில் 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோல் உருட்டி நிழலில் காயவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் அளந்து பார்த்தால் 9 செ.மீ. அல்லது அதற்கும் குறைவாகச் சுருங்கியிருக்கும். சாதாரணக் களிமண் அவ்வளவு சுருங்காது. களி எவ்வளவு இருக்கிறது என்பதைவிட என்ன களி என்பதுதான் முக்கியம் என்பதை அந்த ஒரு சென்ரிமீற்றர் காட்டிவிடும்.

இங்கே இருக்கும் களி ஸ்மெக்டைட் வகை, அதிலும் மொன்ற்மொரிலோனைட். புத்தகத் தாள்களைப்போல மெல்லிய தகடுகள், தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையில் தண்ணீர் நுழையும், தகடுகள் விலகும், மண் உப்பும். தண்ணீர் போனால் திரும்பவும் ஒட்டும், மண் சுருங்கும். மேட்டுநிலச் செம்மண்ணில் கூடுதலாக உள்ள கயோலினைட் களியில் தகடுகள் இறுக ஒட்டிக்கொண்டிருப்பதால் இந்த விளையாட்டு இல்லை. முருங்கன் களியின் பெயர் மண் ஆராய்ச்சிக்கு வெளியேயும் தெரிந்ததுதான். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை ஓடிய காலத்தில் சுண்ணாம்புக்கல் அங்கேயே கிடைத்தது. களி முருங்கனிலிருந்து போனது. யாழ்ப்பாணத்துப் பழைய வீடு பலவற்றின் சுவரில் உங்கள் ஊர்த் தரவை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது!

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கறுப்பாக இருப்பதால் பசளை நிறைந்த மண் என்று நினைக்க வேண்டாம். இந்த மண்ணில் சேதனப் பொருள் பெரும்பாலும் ஒன்றிரண்டு வீதத்தைத் தாண்டாது. இருக்கிற கொஞ்சச் சேதனப் பொருளும் களித் தகட்டோடு இறுகப் பிணைந்து முழு மண்ணையும் கறுப்பாக்கிவிடுகிறது. கல்சியமும் மக்னீசியமும் தாராளம், தழைச்சத்து குறைவு, காரத் தன்மையால் பொசுபரசும் நாகமும் (சிங்க்) மண்ணில் இருந்தாலும் பயிருக்கு எட்டாமல் கிடக்கும். குழியின் அடியில் வெள்ளைக் குறுணிகள் தெரிந்தால் அதில் நாலு சொட்டு வினாகிரி விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு.

இனி, வகைப்பாட்டில் அடுத்த படி. இங்கேதான் உங்கள் தரவை வயலைவிட முக்கியமாகிறது. வெர்ட்டிசோல் என்று முடிவானதும் அடுத்த கேள்வி: ஆண்டில் எத்தனை நாள் வெடிப்புத் திறந்திருக்கிறது? 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் அகலமான வெடிப்பு, ஆண்டில் மொத்தம் 90 நாளாவது திறந்து கிடந்தால் அது வெர்ட்டிசோல் வரிசைக்குள் 'அஸ்டெர்ட்' என்ற துணைவரிசையில் சேரும். வைகாசியில் சோளகக் காற்று எழும்பியதிலிருந்து ஐப்பசி மழை வரை மன்னார்ப் பக்கம் மண் காய்கிறது, ஆண்டு மழையே 1000 மி.மீ. அளவில்தான். ஆகவே 90 நாள் தாராளமாக வந்துவிடும். ஆனால் அந்த விதியில் ஒரு நிபந்தனை ஒட்டியிருக்கிறது: நீர் பாய்ச்சாத நிலமாக இருக்க வேண்டும். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாயும் வயலில் சிறுபோகமும் செய்தால் வெடிப்புத் திறக்கவே அவகாசம் இருக்காது. மாதக்கணக்கில் தண்ணீர் கட்டி நிற்கும் பள்ளவயல் என்றால் சாம்பல் நிறமும் துருப்புள்ளியும் வந்து, 'அக்குவெர்ட்' என்ற வேறு துணைவரிசைக்கே போய்விடலாம். வாய்க்கால் வரம்புக்கு இந்தப் பக்கம் ஒரு பெயர், அந்தப் பக்கம் இன்னொரு பெயர். மண்ணின் இயல்பான நடத்தையைப் படிக்க வேண்டுமென்றால் தண்ணீர் பாயாத, உழவு படாத தரவைதான் சரியான இடம்.

பழைய நூல்களில் இதையே 'பெல்லஸ்டெர்ட்' என்று பார்ப்பீர்கள். கறுத்த வெர்ட்டிசோல், கபில வெர்ட்டிசோல் என்று நிறத்தை வைத்துப் பிரித்த காலத்துப் பெயர் அது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க வகைப்பாடு அந்தப் பிரிவை எடுத்துவிட்டு உப்பு, ஜிப்சம், சுண்ணாம்பு உண்டா என்று பார்க்கத் தொடங்கியது. நிறம் பெரிதாக எதையும் சொல்வதில்லை என்று அவர்களும் கண்டுகொண்டார்கள்போலும். உங்கள் குழியில் சுண்ணாம்பு தனி அடுக்காகவே திரண்டிருந்தால் 'கல்சியஸ்டெர்ட்', சிறப்பாக ஒன்றும் இல்லையென்றால் 'ஹப்ளஸ்டெர்ட்'. எல்லா நாட்டுக்கும் பொதுவான உலக வகைப்பாட்டில் மட்டும் 'பெல்லிக்' என்ற அடைமொழி கறுத்த மேல்மண்ணுக்காக இன்னும் இருக்கிறது. கரிசல் என்று சொன்னவரும் பிழை சொல்லவில்லை. கோவில்பட்டிக் கரிசலும் இந்தக் குடும்பம்தான். நம் ஆட்கள் கறுத்தக் களி என்பார்கள்.

சரி, மற்றத் துண்டுக்கு வருவோம். அலவாங்கு போட்டாலும் 'டங்' என்று எகிறுகிற நிலம்.

அதிலும் ஒரு குழி வெட்டுங்கள், வேர்க்கும். மேலே நாலைந்து விரல் ஆழத்துக்கு மணல் கலந்த மெல்லிய மண். அதன் கீழ், கவனித்தால்தான் தெரியும், சாம்பல் வெளிறிய ஓர் அடுக்கு, காய்ந்தால் கிட்டத்தட்ட வெள்ளை. அதற்குக் கீழே திடீரென்று கடுங்களி. நடுவில் படிப்படியான மாற்றம் கிடையாது, கத்தியால் வெட்டியதுபோல் எல்லை. அந்தக் களி தூண் தூணாக நிற்கும். தூணின் தலை பாண் மேற்புறம்போல் உருண்டிருக்கும். புல்வேர் அந்தத் தலைவரை வந்து, துளைக்க முடியாமல் படுக்கையாகத் திரும்பி, இரண்டு தூணுக்கு நடுவே உள்ள இடுக்கில் மட்டும் மயிர்போல் இறங்கும். இப்படிக் கண்டால் அது சொலோனெட்ஸ். நம் நாட்டு வகைப்பாட்டில் 'சொலோடைஸ்ட் சொலோனெட்ஸ்'. ரஷ்ய மண்ணியலாளர்கள் தந்த சொல். அமெரிக்க முறையில் இது வெர்ட்டிசோல் பக்கமே வராது. அல்ஃபிசோல் என்ற வேறொரு வரிசையில், சோடியத்தைக் குறிக்கும் 'நேற்ர்' என்ற முன்னொட்டோடு வரும். களி பிடித்து வைத்திருக்கும் சத்துகளில் 15 வீதத்துக்கு மேல் சோடியமாக இருந்தால் அந்த முன்னொட்டு.

சவர் என்று சொன்னவர் பாதிதான் சரி. சவர் நிலத்தில் உப்பு மேலேயே இருக்கும், காய்ந்தால் வெள்ளையாகப் பூக்கும், நாக்கில் வைத்தால் கரிக்கும். இந்த மண்ணை நாக்கில் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒன்றும் கரிக்காது. பல காலத்து மழை உப்பைக் கழுவிக் கீழே கொண்டுபோய்விட்டது. களித் தகட்டில் ஒட்டிய சோடியம் மட்டும் போகவில்லை. தமிழ்நாட்டில் இதைத்தான் உவர், களர் என்று இரண்டு சொல்லால் பிரிப்பார்கள். உங்களுடையது களர்.

சோடியம் செய்கிற வேலை இதுதான். கல்சியம் இரண்டு கையாலும் இரண்டு களித் தகட்டைப் பிடித்து நிற்கும். சோடியத்துக்கு ஒரு கைதான், அதுவும் தன்னைச் சுற்றித் தண்ணீரைச் சேர்த்துப் பருத்துப்போய் நிற்கும். ஆகவே மழைத்தண்ணீர் பட்டதும் தகடுகள் ஒன்றையொன்று விட்டுவிட்டுத் தண்ணீரில் மிதக்கத் தொடங்கும். மிதந்த களி மண்ணின் துவாரங்களை அடைக்கும். காய்ந்ததும் ஓடு.

இப்போது குவளை. இரண்டு மண்ணிலும் மேலே ஒன்று, இரண்டு முழ ஆழத்தில் ஒன்று எனக் கச்சான் கொட்டை அளவு காய்ந்த கட்டிகள் எடுங்கள். குவளையில் மழைத்தண்ணீர் விட்டு, கட்டியை மெல்ல இறக்கி, அசைக்காமல் விட்டுவிடுங்கள். பத்து நிமிடத்தில் ஒருமுறை, இரண்டு மணித்தியாலத்தில் ஒருமுறை பாருங்கள். கறுத்தக் களிக் கட்டி குறுணல் குறுணலாகச் சரிந்து விழும், ஆனால் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். களர்க் கட்டியைச் சுற்றிப் பால்போல் ஒரு புகை எழும்பிப் பரவும்; சிலது குவளை முழுவதையும் பால்தேத்தண்ணி ஆக்கிவிடும். கிணற்றுத் தண்ணீரில் மட்டும் செய்யாதீர்கள். மன்னார்க் கிணறுகள் பலவற்றில் உப்பு உண்டு, உப்புத் தண்ணீரில் களி கலையாமல் அடங்கி நிற்கும், நீங்கள் நல்ல மண் என்று நினைத்துவிடுவீர்கள். மழைத்தண்ணீர் இல்லையென்றால் பற்றறிக்கு விடுகிற தண்ணீர் வாங்குங்கள்.

நான் ஏமாந்த கதை இதில்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாடுகளுக்குத் தண்ணீர் நிற்க ஒரு துரவு வெட்ட இடம் காட்டச் சொன்னார்கள். மண்ணைப் பிடித்துப் பார்த்தேன், வழுவழுவென்று நல்ல களி, கறுப்பு. தண்ணீர் நன்றாக நிற்கும் என்று இடத்தைக் காட்டினேன். வெட்டிய மண்ணையே அணையாகப் போட்டார்கள். கார்த்திகையில் தண்ணீர் ஏறிய மூன்றாம் நாள் அணையின் வெளிப்பக்கத்தில் பென்சில் போகிற அளவு ஓட்டை, அதிலிருந்து பால்போல் தண்ணீர். மாலைக்குள் கை போகிற அளவு. அடுத்த நாள் போனபோது அணை நடுவே பிளந்து, துரவு காலி. களர்க்களி அணைக்கு உள்ளேயே கரைந்து ஓடிவிட்டது. அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர், "ஐயா, அந்த இடத்தில் புல்லே நிற்கேல்லை, தண்ணி எப்பிடி நிற்கும்?" என்று கேட்டார். பதில் இருக்கவில்லை. ஆகவே உங்கள் துரவைக் கறுத்தக் களிப் பக்கம் வெட்டுங்கள். அணையை ஈரப்பதத்தில் நன்றாக அடித்து இறுக்கினால் அங்கே தண்ணீர் நிற்கும்.

ஜிப்சம் கேள்விக்கும் இதிலேயே விடை. ஜிப்சம் கல்சியத்தைத் தந்து சோடியத்தை இடம்பெயர்க்கிறது. கறுத்தக் களியில் கல்சியம் ஏற்கெனவே நிரம்பிக் கிடக்கிறது; அங்கே போடுவது குளத்துக்குள் வாளித் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. ஆழத்துக் கட்டி மட்டும் குவளையில் பாலாகினால் அது வேறு விடயம். சில வெர்ட்டிசோல்களில் அடியில் சோடியம் சேர்ந்திருக்கும். களர்ப் பக்கத்துக்கு ஜிப்சம் வேலை செய்யும். ஆனால் ஏக்கருக்குத் தொன் கணக்கில் வேண்டும், கழன்ற சோடியத்தைக் கழுவி வெளியேற்ற வடிகாலும் வேண்டும். நெல் வயலுக்கென்றால் கணக்குப் பார்க்கலாம். மேய்ச்சல் தரைக்கு அந்தக் காசு திரும்பி வராது என்பது என் அபிப்பிராயம்.

அந்தப் பக்கத்தை உழவும் வேண்டாம். உழுதால் அடியில் இருக்கும் பொல்லாத களி மேலே வரும், நல்ல நாலு விரல் மண்ணும் கெட்டுப்போகும். புல் இல்லாத வெட்டைத் திட்டுகளின்மேல் அலம்பலை, அதாவது வெட்டிய முள்ளுக் கிளைகளை, பரப்பிவிடுங்கள். காற்றில் வரும் சருகும் புல்விதையும் அதில் தங்கும், மழைத்துளி நேரே மண்ணில் அறையாது, மாடும் கால் வைக்காது. இரண்டு மாரி அப்படியே விட்டால் ஓரத்திலிருந்து அறுகு உள்ளே ஓடத் தொடங்கும். வேகமாக நடக்காது, ஆனால் செலவு முள்ளு வெட்டுகிற கூலி மட்டும்தான்.

வெடிக்கிற பக்கத்தில் மேய்ச்சலைக் காலம் பார்த்து நடத்த வேண்டும். முதல் பெருமழை வெடிப்பு வழியே விறுவிறுவென்று அடிக்குப் போகும். வெடிப்பு மூடியதும் தண்ணீர் இறங்குவது மணித்தியாலத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீற்றர்கூட இராது, மேலேயே தேங்கும். அந்த நேரம் மாடு விட்டால் குளம்பு புதைந்து, புல்லின் அடிக்குருத்தெல்லாம் சேற்றில் போகும். காலபோகத்துக்கு வயல் விதைத்ததும் ஊர் மாடெல்லாம் ஒதுக்கப்பட்டுத் தரவைக்கு வருவதும் இதே ஐப்பசி, கார்த்திகையில்தான் என்பது வன்னி மாட்டுக்காரரின் தலைவிதி. முடிந்தால் அந்த மூன்று நான்கு வாரம் மேட்டுப் பக்கச் செங்கபில மண் காட்டோரத்தில் மேய்த்து, தண்ணீர் வடிந்த பிறகு இங்கே இறக்குங்கள். அப்படியே குளம்பு பட்டு இறுகினாலும் பெரிதாகக் கவலை வேண்டாம். அடுத்த கோடையில் மண் வெடித்துத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். களருக்கு அந்தக் குணம் இல்லை.

"மண்ணைத் தோண்டினால் ஈரமாக இருக்கிறது, புல் மட்டும் வாடுகிறதே" என்று நீங்கள் பிறகு கேட்பீர்கள் என்று தெரியும். கடுங்களி நிறையத் தண்ணீர் பிடிக்கும், ஆனால் அதில் பெரும்பங்கை வேருக்குக் கொடுக்காது. சித்திரையில் ஐந்து மில்லிமீற்றர் மழை பெய்தால் மணல்பாங்கான நிலத்தில் புல் துளிர்க்கும். இங்கே மேலே நனைந்து வெயிலில் போய்விடும். அதே மண் மாரி முடிந்து மாசி, பங்குனி வரை பச்சையை இழுத்துப் பிடிக்கும். மரக்கன்று வைக்கும் யோசனை இருந்தால் இந்தத் துண்டில் வேண்டாம். கோடையில் மண் பிளக்கும்போது இளவேரையும் சேர்த்து அறுத்துவிடும். நிழலுக்கான மரத்தை மேட்டோரத்தில் வையுங்கள்.

குழி வெட்டுகிற நாளை ஆவணிக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நல்ல மழை விழுந்துவிட்டால் வெடிப்பு மூடி, பாதி அடையாளம் போய்விடும். வெட்டும்போது மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் போடுங்கள். பார்த்து முடிந்ததும் அதே ஒழுங்கில் மூடிவிடுங்கள், முக்கியமாகக் களர்ப் பக்கத்தில். அன்றிரவே மூடிவிடுவது நல்லது, கன்றுகள் இருக்கின்றன அல்லவா.